பேபி பாய் விரித்த செவ்வாய்க்கிழமை

தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் மழை வருமா வராதா என்று தெரிய வேண்டுமானால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பேபி வீட்டுக் கொல்லையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே மணலில் ஓலைப்பாய் விரித்து நெத்திலி காய்ந்தால் மூன்று நாளைக்கு மழை கிடையாது. பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தால், துணி துவைக்க எடுத்த வாளியைக்கூடக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். சுவரோ குட்டைச் சுவர். ஊருக்கோ நீளக் கழுத்து.

பேபிக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது. எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம் கருவாட்டில் கை வைக்கத்தான் பார்க்கிறார்கள் என்பது அவள் எண்ணம். "கண்ணு போடாதிய, போங்க!" என்று அகப்பையை ஆட்டுவாள்.

வேம்பாரில் பிறந்து பதினேழு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மரியான் சங்கு குளிக்கிறவன். தண்ணீருக்கடியில் வாயைத் திறக்கக் கூடாது என்று பழகியவன், கரையேறின பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் பேபியே பேசிவிடுவாள். வந்த முதல் ஐப்பசியிலேயே ஆறு கூடை நெத்திலியை மழையில் விட்டு, புழு நெளிய அள்ளிக் கடலில் கொட்டினாள். அன்றைக்கு அழுத அழுகையில் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். விடிந்ததும், முந்தின நாள் காய்ந்த நெத்திலி ஒன்றைக் காதோரம் வைத்து ஒடிப்பாள். 'டிக்'கென்று ஒடிந்தால் வெயில். சத்தமில்லாமல் வளைந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது, மழை பக்கத்து ஊரில் புறப்பட்டு நிற்கிறது என்று அர்த்தம். இருபத்து நாலு வருஷம் அது பொய்த்ததில்லை. பொய்த்தது என்று யாராவது சொன்னால் நெத்திலி மேல் குற்றமில்லை, ஒடித்த கை சரியில்லை.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம். கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகியும் வானத்துக்குப் புத்தி நிலைக்கவில்லை. காலையில் வெயில், பத்து மணிக்கு மூட்டம், மத்தியானம் நாலு தூறல், சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல ஒரு சிவப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பேபி நெத்திலியை ஒடித்தாள். அது ஈர நூல்போல வளைந்தது. சரி, பாய் வேண்டாம், மூன்று கூடை மீனுக்கும் உப்பைப் போட்டு உள்ளே வைப்போம் என்று திரும்பினாள்.

சுவருக்கு மேலே இனிகோவின் தலை தெரிந்தது.

இனிகோ அவளுடைய அக்காள் புருஷன். முப்பது வருஷம் கொழும்புக்குத் தோணி கொண்டுபோன தண்டல். தோணியை விட்டு இறங்கினதும் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கி, அதற்கு லைசென்ஸும் எடுத்து, பிள்ளையைப்போல இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"ஏளா பேபி, பாயை விரிச்சிராத! ரேடியோல சொல்லிட்டான். மூணு நாளைக்கு விட்டு விட்டு மழையாம். ஓரிரு இடங்கள்ல கனமழையாம்."

"எந்த ஓரிரு இடம் அத்தான்? எங்க கொல்லையா, உங்க முத்தமா?"

"அதெல்லாம் சொல்லமாட்டான்."

"அப்பம் என்னத்தச் சொன்னான்? கடலையே பாத்துக் கெடந்த தண்டலுக்கு மேகம் பாக்க ஒரு டப்பா வேணுமாக்கும்!"

"பெறவு மீனு நாறிச்சின்னா ஏங்கிட்ட வந்து அழாத."

"நாறட்டும். என் மீனு, என் நாத்தம்!"

சொன்ன சொல் சூடு ஆறுமுன் பாய் மூன்றையும் உதறி விரித்தாள். மூன்று கூடை நெத்திலியையும் கொட்டிப் பரப்பினாள். அவளுக்குத் தெரிந்ததை அந்த டப்பா முந்திக்கொண்டு சொன்னால் அவள் வேறு என்ன செய்வாள்? வாசற்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மரியான் வானத்தைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

மத்தியானம் மூன்றாம் வீட்டுப் பிளாரன்ஸ் ஒரு தட்டு நிறைய அதிரசத்தோடு வந்தாள். மறுநாள் புதன்கிழமை அவள் மகள் விக்டோரியாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின தவநாள் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ கப்பல்காரன், அடுத்த வாரம் பம்பாயில் கப்பலேற வேண்டும். இதை விட்டால் இனி ஒரு வருஷம் ஆகும்.

"பேபியக்கா, நீங்க நல்லாருக்கணும். நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல. காலைல உங்க பாயப் பாத்த பெறவுதான் உசுரு வந்துச்சி."

"எம் பாயா? எம் பாயில என்ன இருக்கு?"

"அடியாத்தே, தெரியாத மாதிரி கேக்கிய! ஊரே உங்க பாயப் பாத்துத்தான துணி காயப்போடுது? இனிகோ மாமா ரெண்டு தார்ப்பாய் தந்திருந்தாவ. வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டேன். வெறும் துணிப் பந்தல்தான், பாக்க எம்புட்டு லெச்சணமா இருக்கு! வேம்பாருலருந்து நூறு பேரு வாராவ."

பேபி கடித்த அதிரசத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். நான் வீம்புக்கு விரித்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் அது இனிகோவின் காதுக்குப் போகும். சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார். சிரித்து வைத்தாள். பிளாரன்ஸ் போனதும் மாதா படத்துக்கு முன்னால் நின்றாள். "நாளைக்கு ஒரு நாளு மட்டும் மழையத் திருச்செந்தூர்ப் பக்கம் அனுப்பு தாயே. அங்கன முருகன் பாத்துக்கிடுவாரு." மெழுகுதிரி ஒன்றையும் ஏற்றி வைத்தாள். இன்னொரு நெத்திலியை எடுத்து ஒடித்தாள். காலையைவிட நன்றாக வளைந்தது.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இனிகோ வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம், தார்ப்பாயை என்ன சொல்லி வாங்குவது, எப்படித் தோற்காமல் தோற்பது என்றே யோசனை.

போய்ப் பார்த்தால், இனிகோ வீட்டுக்குக் கூரை பாதி இல்லை. ஓடெல்லாம் முற்றத்தில் அடுக்கிக் கிடக்கிறது. கூரைவேலைக்காரன் மாசானம் வெறும் சட்டத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். அடுப்படியில் அக்காள், தலைக்கு மேலே வானத்தோடு குழம்பைக் கிண்டுகிறாள்.

"என்ன அத்தான் இது? மழை வருதுன்னு ரேடியோ சொல்லிச்சே, கூரையப் பிரிச்சுப் போட்டிருக்கிய?"

இனிகோ ரேடியோவைத் துண்டால் மூடினார். "நீ பாய் விரிச்சிருந்தியே, ஏளா."

"நான் விரிச்சா?"

"பெறவு? அவன் திருநெல்வேலில ரூமுக்குள்ள உக்காந்து சொல்லுதான். மழை பெஞ்சா அவனுக்கு என்ன போச்சு? நீ மூணு கூடை மீனை வெயில்ல போட்டுல்லா சொல்லுத!"

பேபிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மலர்ந்த வேகத்திலேயே வாடியும் போனது. "அத்தான், நான் வீம்புக்குப் போட்டேன். நெத்திலி காலைலயே வளைஞ்சிட்டு. மழை வரும்."

மாசானம் மேலிருந்து கேட்டான்: "அண்ணாச்சி, இப்பம் நான் எறங்கணுமா, இருக்கணுமா?"

"இருலே!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இனிகோ இடுப்பில் கை வைத்தார். "அப்பம் ரேடியோ சொன்னது சரிதான்னு சொல்லு."

"அது சொல்லுறதுக்கு முன்னாலயே நெத்திலி சொல்லிட்டு."

"ஏளா, தார்ப்பாய் வேணுமா வேண்டாமா?"

வீட்டில் கூரை இல்லாத மனிதர் தார்ப்பாயைத் தருகிறேன் என்கிறார். பேபி தலையைக் குனிந்தாள். "சரிதான்" என்று அடுக்கி வைத்த ஓட்டிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அதில் நாலைத் தூக்கி மாசானத்திடம் நீட்டினாள். பொழுது சாய்வதற்குள் அவளும் அக்காளும் இனிகோவும் வரிசையாக நின்று ஓடெல்லாம் ஏற்றி முடித்தார்கள். தார்ப்பாய் இரண்டும் கல்யாண வீட்டுக்குப் போயின. பேபி வீடு திரும்பும்போது தெருவே கொடித்துணியை அள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. மரியான் யாரையும் கேட்காமல் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தான்.

புதன்கிழமை கோயிலில் தாலி கட்டும் வரைக்கும் வானம் மரியாதையாக இருந்தது. பந்தியில் சோறு விழுந்ததும் மழையும் விழுந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் இலையிலும் ஒரு சொட்டு இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, வேம்பார்க்காரர், பேபியைக் கூப்பிட்டார்.

"ஏளா, நம்ம ஊருப் பிள்ளைதான நீ? மழை எப்பம் விடும்? கடைசி பஸ்ஸப் புடிக்கணும்."

கேட்ட சந்தோஷத்தில் பேபிக்கு நெத்திலியை ஒடிக்கவும் தோன்றவில்லை. "ரெண்டாந் தடவ ஆட்டுக்கறி வரட்டும் பெரியப்பா, நின்னுரும்."

கறி முதல் பந்தியோடு தீர்ந்துபோனது. மழை தீரவில்லை. கடற்கரைச் சாலையில் தண்ணீர் ஓடியதால் பஸ்ஸும் இல்லை. வேம்பார்ச் சனம் நூறு பேரையும் வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். பேபி வீட்டில் பெரியப்பாவோடு பதினோரு பேர். வெள்ளிக்கிழமை அவர்கள் இலையில் பாதி காய்ந்த நெத்திலிக் குழம்பு விழுந்தது.

பெரியப்பா குழம்பைப் பார்த்தார், ஒழுகுகிற கூரைத் தாழ்வாரத்தைப் பார்த்தார். "ஏளா, நின்னுரும்னு சொன்னியே?"

"ரெண்டாங் கறி வந்தாத்தான்னுல்லா சொன்னேன். வந்துச்சா? இன்னைக்கு வெள்ளி, மீனு ஆகும், கறி ஆகாது. நாளைக்குப் போடச் சொல்லுங்க, நிக்குதா இல்லையான்னு பாருங்க."

சனிக்கிழமை விடிந்ததும் பிளாரன்ஸ் ஒரு கிடாய் வாங்கிவர ஆள் அனுப்பினாள்.