பஸ் டிக்கெட்டின் கடைசி எண்

மதுரையில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்குக் கண்மாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சீனியம்மாள் அங்கே வயர்லெஸ் ஆபரேட்டர். ஆனையூரிலிருந்து வருவார். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினோமா என்று அலுவலகம் வந்தபிறகு பத்துத் தடவை யோசிப்பார். இவருக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தது என்று கேலி செய்வேன்.

“பயந்தவதான்யா காதத் தீட்டிக்கிட்டு இருப்பா” என்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அடைமழை. தற்காலிகமாக எடுத்த பதினொரு கரைக் காவலர்கள் காலையில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு புது வயர்லெஸ் செட்டை வாங்கிக்கொண்டு ஜீப்பில் போனார்கள். யார் எந்தக் கண்மாயில் நிற்கிறார் என்ற பட்டியல் ஜீப்போடு போய்விட்டது. எங்களுக்கு ஒருவர் பெயரும் தெரியாது.

மத்தியானம் கரண்ட் போய் எங்கள் செட் செத்தது. பேட்டரி கொண்டுவந்து மாட்ட அரைமணி நேரம். “கன்ட்ரோல் பேசுறேன்” என்று சீனியம்மாள் சொன்னதும் பதினொரு பேரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்கினார்கள். ஒரே அலைவரிசை; இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே ஒன்றும் புரியாது. காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் வந்தது. அதற்குள்ளே எங்கோ “கரை” என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. எந்தக் கண்மாயின் கரை என்று தெரியவில்லை.

உதவிப் பொறியாளர் வெள்ளைத்துரை மைக்கைப் பிடுங்கி, “எல்லாரும் பத்து எண்ணிட்டுப் பேசுங்க” என்றார். எல்லோரும் ஒழுங்காகப் பத்து எண்ணிவிட்டு, மறுபடி ஒன்றாகப் பேசினார்கள். அவர் இன்னும் சத்தமாக அதையே சொன்னார். மறுபடியும் இரைச்சல். படித்த மனிதர்தான், என்ன செய்ய.

சீனியம்மாள் வாட்ச் வாரில் செருகியிருந்த தன் பஸ் டிக்கெட்டை எடுத்து ஒரு கணம் பார்த்தார். மைக்கைத் திருப்பி வாங்கினார்.

“காலையில வந்த பஸ் டிக்கெட்ட எடுங்க. கடைசி நம்பர் மூணுன்னா முப்பது வரைக்கும் எண்ணுங்க, அஞ்சுன்னா அம்பது. முட்டையா இருந்தா உடனே பேசலாம். நடுவுல யாராச்சும் பேசுனா அவரு முடிக்கட்டும். ஊரு, பேரு, சங்கதி. அம்புட்டுத்தான்.”

ஒரு குரல் தெளிவாக வந்தது. “தலைமதகு, உக்கிரபாண்டி. இங்க ஒண்ணுமில்ல. சோறு இன்னும் வரலையே?” எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். நாற்பதில் இருவர் மோதிக்கொண்டார்கள். “மோதுனவுக கடைசிக்கு முந்துன நம்பர வச்சு எண்ணுங்க” என்றார் சீனியம்மாள். அவர்களும் வந்தார்கள். பத்துப் பேரை எழுதிவிட்டேன். எல்லோர் கரையும் நன்றாக இருந்தது. அப்படியானால் இரைச்சலில் கேட்ட அந்தச் சொல் பதினோராவது ஆளுடையது. அவரைக் காணோம். சீனியம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு செட்டையே பார்த்தார்.

“கொன்றைக்குளம், வீரணன். கரை கசியுது. கீழ அறுபது வீடு. தண்ணி வரத்த நிப்பாட்டுங்க.”

கொன்றைக்குளத்துக்குத் தண்ணீர் தலைமதகு வழியாகத்தான் போகும். அவன் முடிக்கும் முன்பே சீனியம்மாள் தயாராக இருந்தார். “உக்கிரபாண்டி, மதக மூடுங்க. சோறு பெறகு.” மதகு மூடிவிட்டது என்று பதில் வரும்வரை அறையில் ஒருவரும் உட்காரவில்லை. கொன்றைக்குளத்தில் தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் மண்மூட்டை அடுக்கிக் கரையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செட்டைத் திருப்பிக் கொடுக்க வீரணன் வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

“ஒனக்கு என்ன நம்பரு தம்பி?”

“ஒம்பதுக்கா.”

“தொண்ணூறும் எண்ணுனியா?”

“எண்ணுனேன். கீழதான் எம் வீடு. பொண்டாட்டி பிள்ள பெத்து ஆறே நாளு. எழுபதுல கை பொத்தானுக்குப் போயிருச்சு. அமுக்கியிருந்தா, அந்நேரம் பேசுன ஆளு சங்கதியும்ல கெட்டிருக்கும். அவரு வீடும் கீழ இருந்தா?”

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் போன பிறகு வெள்ளைத்துரையிடம் நேராகப் போய், எண்ணுகிற முறையை மாற்ற வேண்டும் என்றார். அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவர். அடுத்த மழைக்கு எல்லாச் செட்டின் முதுகிலும் சீனியம்மாளின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: “டிக்கெட்டில் முட்டை வந்தவர் நூறு எண்ண வேண்டும். எண்ணாமல் பேசுவது கரை போகிற ஆளுக்கு மட்டும்.”