புதுச்சேரிக்கு அனுப்பிய சாமை

கோபம் வந்தால் எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அப்படித்தான் ஒரு நல்ல பெண்ணைத் திட்டிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு, கல்வராயன் மலைச் சாமையை லேபிள் ஒட்டிய பாக்கெட்டில் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறேன். என்னிடம் அதிகம் வாங்குபவர் புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஒரு பெண். போன மாதம் போன் செய்தார்.

"அண்ணே, ஜிஎஸ்டி நம்பர் வாங்கிட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் வேணாம்."

"வருசத்துக்கு நாப்பது லட்சத்துக்கு மேல வித்தாதான் நம்பரு. வேற எவனோ கம்மியா குடுக்கிறான், அதுக்கு இன்னா கதை வுடுற?"

அவர் போனை வைத்துவிட்டார். மலையிலிருந்து வாங்கிவந்த நான்கு மூட்டைச் சாமை வீட்டில் கிடந்தது. மறுநாள் ஆத்திரத்தோடு ஒரு ஆடிட்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அவங்க சொன்னது சரிங்க. நாப்பது லட்சம்ன்றது தமிழ்நாட்டுக்குள்ள விக்கிறதுக்கு. வெளி மாநிலத்துக்கு லேபிள் ஒட்டுன இந்தப் பாக்கெட்டு ஒண்ணு போனாலும் நம்பர் வேணும்."

"புதுச்சேரி வெளி மாநிலமா? காலைல பஸ் ஏறுனா சாயந்திரம் வூட்டுக்கு வந்துடுறேன்."

அவர் சிரித்தார். "நீங்க போய்ட்டு வாங்க, யாரு வேணாம்னா? ஆனா நம்பர் இல்லாம சரக்கு மாட்டுனா அபராதம் உங்களுக்குத்தான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெளியே வந்ததும் அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"நேத்து பேசுனது தப்பும்மா."

"உங்களுக்குத் தெரியலன்னு புரிஞ்சுதுண்ணே. இன்னிக்கு ரெண்டு பேரு சாமை கேட்டாங்க. உங்களுது வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் நான் திட்டியது, என்னைக் காப்பாற்ற நினைத்தவரை.