ஒரு கேட் போதும்

நகரங்களை எப்படி வடிவமைப்பது என்று கற்றுத்தரும் மேற்படிப்பு ஒன்றில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின்போது சேர்ந்தேன். கட்டடம் படித்தவன், சமூகவியல் படித்தவன், புவியியல் படித்தவன் எல்லாரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்தால் நல்ல ஊர் பிறந்துவிடும் என்பது அந்தப் படிப்பின் நம்பிக்கை. மேசை நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். கட்டடக்கலைக்காரன் எந்தக் கேள்விக்கும் பென்சிலைச் சீவிக்கொண்டே பதில் சொல்வான். சமூகவியல்காரனுக்கு எதைக் கேட்டாலும் சுவாரஸ்யம். பிணம் போனாலும் "சுவாரஸ்யம்" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். நான் புவியியல். தமிழ் தெரிந்தவன் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. மூவரிலும் மட்டமான ஆள் நான்தான். அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, கேட் வைத்துக் காவல் நிறுத்தியிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக. வேலைக்குப் போகும் பெண்களின் முந்தானையைக்கூட உதறிக் காட்டச் சொல்வார்கள். எங்கள் பேராசிரியருக்கோ அது 'திட்டமிட்ட சிறுநகரம்'. சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தை ஆய்வுக்கு ஒதுக்கினார். லயங்களை மாற்றிக் கட்டத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை யோசித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் இனாமாக வரைந்து கொடுத்தால் அவருக்குக் கசக்கவா செய்யும்? எங்கள் வரைபடத்தில் முள்கம்பிக்கு 'எல்லை' என்று பெயர் வைத்தோம். படிப்பு என்றால் சும்மாவா?

டவுன்பக்கம் ரஹாங்கில் ஒரு வீட்டில் தங்கி, ஊரடங்கு முடிந்து, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, ஜீப்பில் போய் இறங்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் தோட்டமே வேலைக்குப் போயிருக்கும். காலி லயங்களுக்கு நடுவே நாங்கள் நாடா பிடித்து அளந்தோம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுகிற திடலை 'பயன்படாத வெளி' என்று குறித்தான் கட்டடக்கலைக்காரன். விடியும்போது இருநூறு பேர், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் முன்னால் நிற்கும் இடம் அது. நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பான்.

எனக்கெப்படித் தெரியாமல் போகும்? செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவன் நான். சித்தப்பா வீட்டில் இருந்து படித்ததை வைத்துக்கொண்டு, ரஹாங்கில் வளர்ந்தவன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதைவிட, நாங்கள் ஆராய வந்த தோட்டத்தில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். ஆய்வு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு தனியாகப் போய் அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன்: அவர்கள் எதிரில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே.

அக்கா கோபப்படவில்லை. மடியில் நான்கு மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. "சரிப்பா. எனக்கும் ஒண்ணு செய்யிறியா? அந்தப் பின்கேட்ட மூடிடாம பாத்துக்க லா," என்றாள்.

பின்கேட் ஆயாக்கொட்டகையை ஒட்டி, மலைச்சரிவில் ரப்பர் மரங்கள் நின்ற வேலைக்காட்டைப் பார்த்து இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. காலையில் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிவிட்டு முடித்தபின், பால் மங்கு என்கிற கிண்ணத்தில் வடிந்து நிறைய நேரமாகும். அந்த இடைவெளியில், எங்கள் ஜீப் வந்து சேருமுன்பே, பிள்ளைக்காரிகள் நாலைந்து பேர் பின்கேட் வழியாக ஓடிவந்து, பிள்ளைக்கு முலை கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவார்கள். விறகு கொண்டுவர மட்டும் திறக்க வேண்டிய கேட் அது. அங்கே காவல் நின்ற மலாய்க்காரரை எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவார்கள்; பேரன் பேத்தி எடுத்தவர். வெறுங்கையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார், புத்தகத்தில் எழுதமாட்டார். சாலைப்பக்கத்துப் பெரிய கேட் வழியாகச் சுற்றி வந்தால் பாதி வழியிலேயே நேரம் தீர்ந்துவிடும்.

"இவ்வளவுதானே," என்றேன். பெரிய மனுஷன் தோரணையில்.

கேள்வித்தாளை சமூகவியல்காரன் தயாரித்தான். அதில் பதினோராவது கேள்வி: நாளொன்றுக்கு எத்தனை தடவை வேலிக்கு வெளியே போகிறீர்கள்? முள்கம்பிக்குள் அடைபட்ட ஜனங்களிடம், துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிற கேள்வியா இது? இரண்டு தடவை என்று சொன்னால் இரண்டாவது தடவை யாருக்குச் சோறு கொண்டுபோனாய் என்று அடுத்த கேள்வி வரும். அது எங்கள் தாளில் இருக்காது, ஸ்டேஷனில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் நாங்கள் கேட்டவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சமூகவியல்காரன் பூரித்துப் போனான். இவ்வளவு ஒழுங்கான புள்ளிவிவரத்தை அவன் கண்டதே இல்லையாம்.

அக்காவின் முறை வந்தது. பெஞ்சில் உட்காராமல் நின்றாள். கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"ஒரு தடவதான் ஐயா," என்றாள் என்னைப் பார்த்து.

உடன்பிறந்தவளிடம் ஐயா பட்டம் வாங்கியவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 'ஒன்று' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கட்டத்தில் எழுதினான். கான்ஸ்டபிள் எதிரில் அவள் வேறெதையும் சொல்ல முடியாது. மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ரஹாங் வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்தோம். கட்டடக்கலைக்காரன் ரப்பரை எடுத்துப் பின்கேட்டை அழித்தான். "ஒரு தடவை போய்வர இன்னொரு கேட் எதற்கு? உங்கள் அட்டவணையே சொல்கிறதே," என்றான். சாலைப்பக்கம் ஒரே ஒரு பெரிய கேட், அதிலிருந்து நேர்கோட்டில் ஒரு பாதை, இரு பக்கமும் லயங்கள். அதற்கு 'முதுகெலும்பு' என்று பெயர் வைத்தான். சமூகவியல்காரனுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ புத்தி வந்து, என் பக்கம் திரும்பினான். "உனக்கு அவர்கள் மொழி தெரியுமே. இது சரிதானா?"

ஒரு வார்த்தை போதும். அக்காவைச் சொல்ல வேண்டியதில்லை, பாக்சிக்கைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கேட் இருக்கட்டும் என்றால் முடிந்தது. பாக்சிக்கின் வேலை போய்விடும் என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். சுத்தப் பொய். ஏன் என்று அவன் கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

"சரிதான்," என்றேன்.

ஒரே கேட் ஏன் சிறந்தது என்று மூன்று அத்தியாயம் எழுதினோம். மக்களின் நடமாட்டம், மனநிலை, காற்றோட்டம் என்று ஒன்றையும் விடவில்லை. துரை அதில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. படத்தைப் பார்த்தார், ஒரே கேட் என்றால் காவலுக்கு ஆள் குறையும் என்றார், கட்டச் சொல்லிவிட்டார். மூன்று துறைகள் கூடிக் கண்டுபிடித்ததை அந்த மனிதர் நின்றபடியே கண்டுபிடித்தார். எங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. பேராசிரியர் கைகுலுக்கினார்.

அடுத்த வருஷம், அச்சடித்துக் கட்டிய ஆய்வேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பவிசைக் காட்டத்தான் போனேன், வேறெதற்கு? புது லயம், கோடு போட்ட மாதிரி வரிசை. பின்கேட் இருந்த இடத்தில் முள்கம்பி இரட்டையாக ஓடியது. பாக்சிக்கை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். குழந்தை பாயில் கிடந்தது, வயதுக்குரிய வளர்த்தி இல்லை. பக்கத்தில் டின்பால். டின்னை அப்படியே கொடுத்தால் காட்டுக்குப் போய்விடும் என்று கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். அது கெடுவதற்குள் குடித்தாக வேண்டும். பல நாள் கெட்டதைத்தான் குடித்தது, வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை என்று அக்கா சொன்னாள். வேலைக்காட்டில் மார்பில் பால் கட்டிக்கொண்டால் மரத்தடியில் பிழிந்துவிட்டு மங்குகளைத் துடைக்கப் போவாளாம். இதையெல்லாம் அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னப் பத்தியும் எழுதியிருக்கியா?" என்று கேட்டாள்.

அட்டவணைப் பக்கத்தைத் திறந்தேன். பெண், மரம் வெட்டுபவர், நாளொன்றுக்கு வெளியே போவது ஒரு தடவை என்று அவள் வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

அக்கா அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்க தம்பி," என்றாள். "இப்ப ஒரு தடவதான் போறேன்."