‘மரம் உரசியது’ என்று எழுதிய கை

முதலில் ஒரு சத்தம். ஈரத்துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்ததுபோல ‘டப்’ என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் தெரு இருட்டாகும், நாய் குரைக்கும், எங்கள் அறையில் டெலிபோன் அலறும். பியூஸ் போனால் ஓடுகிற ராத்திரி ஆளின் தொழில், காதில் ஆரம்பித்து, அடுத்தவர் வாயில் திட்டு வாங்கி, விடியும்போது ரெஜிஸ்டரில் எழுதி முடிக்கிற தொழில்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். கம்பம் நடக் குழி தோண்ட வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத வயரிங் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதுதான் என் வாத்தியார். விசிறியோடு வாசலில் நின்று எங்களைச் சபித்தவர்களே, ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூக்கம் வராமல் புரண்டவர்களே, நாமெல்லாம் ஒரே இருட்டில் கிடந்தவர்கள்தானே? கேளுங்கள்.

காரணம் என்ற கட்டம்

ரெஜிஸ்டரில் கடைசிக் கட்டம் ‘காரணம்’. உண்மையான காரணம் பெரும்பாலும் கம்பிகள் சேரும் பழைய ஜாயிண்ட் தளர்ந்தது, இல்லாவிட்டால் கம்பத்துப் பீங்கானில் விரிசல். அப்படி எழுதினால் மறுநாளே கேள்வி வரும். யார் முறுக்கிய ஜாயிண்ட்? போன மாசம் ஏன் பார்க்கவில்லை? புதுச் சாமான் வேண்டுமென்றால் மூன்று தாள் எழுது. ‘மரம் உரசியது’ என்று எழுதினால் ஒரு கேள்வியும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

திருமுல்லைவாயிலைத் தாண்டினால் சாலையோரம் பதினோரு புளியமரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இடுப்பு உயரத்தில் வெள்ளையடித்துக் கறுப்பில் நம்பர் போட்டிருக்கும். அந்தப் பக்கம் எந்தக் கம்பியில் என்ன கோளாறு வந்தாலும் பழி அந்தப் பதினோரு பேர் தலையில். ஒரு நாள் பெரிய வௌவால் ஒன்று இரண்டு கம்பிக்கும் நடுவில் சிக்கிக் கருகித் தொங்கியது. பக்கத்தில் மரமே இல்லை. ஆபீசுக்குத் திரும்பிப் பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். என்னோடு ஏணி தூக்குகிற கன்னியப்பன், என் வயசுக்காரன், கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்: “மரம்னே எய்திடு மாமே. அது இன்னா ஆபீசுக்கு வந்து ‘நா இல்லே’ன்னு சொல்லவா போவுது?”

எழுதிக் கேட்ட அம்மா

அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போயிற்று. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு மனு சுற்றியது: சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிவிட்டுத் தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டும் என்று. ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். கைக்குழந்தைக்கு வேர்க்குரு போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் நான் ஏணியில் நின்று கருகிப்போன ஜாயிண்ட் ஒன்றைக் குறட்டால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருத்தர், கையில் மனுவோடு, இன்னும் கையெழுத்துப் போடாமல் நின்றார். “இந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டா கரண்ட் நிக்கவே நிக்காதா?” என்று கேட்டார். கருகின ஜாயிண்ட் என் உள்ளங்கையில் இருந்தது. “நிக்காதுன்னுதாம்மா சொல்றாங்க” என்று முனகினேன். அந்த அம்மா அண்ணாந்து என்னையே பார்த்தார். “அப்பம் அதை ஒரு தாள்ல எழுதித் தாங்க அண்ணாச்சி. வெட்டுன பொறவும் நின்னுச்சுன்னா, அந்தத் தாளை யாரு மூஞ்சில எறியணும்னு எனக்குத் தெரியணும்லா?”

என் கையெழுத்து

எங்கள் எஞ்சினியர் சின்ன வயசு. கெட்டவர் இல்லை. ஒரு காலை நான் வேலை ஒப்படைக்கும் நேரத்தில், மூன்று வருஷத்து ரெஜிஸ்டர்களையும் மேஜையில் பரப்பி வைத்திருந்தார். ‘மரம் உரசியது’ என்ற இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம். பக்கத்துக்குப் பக்கம் அம்மை போட்டதுபோல இருந்தது. அதைக் காட்டித்தான் பதினோரு மரத்தையும் அகற்ற மேலே எழுதி உத்தரவு வாங்கியிருந்தார்.

மேஜையில் இன்னொரு பட்டியலும் இருந்தது: பகல் டூட்டிக்கு மாற்ற வேண்டியவர்கள். முதல் பெயர் என்னுடையது. ராத்திரியில் தூங்குவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே, “எல்லாமே மரம் இல்லீங்க சார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். “இது உங்க கையெழுத்துதானே? மூணு வருஷமா நீங்க சொன்னதைத்தானே நான் நம்பியிருக்கேன்?”

தூங்கின பகல்

ராத்திரி ஆளுக்குப் பகலில் நடப்பதெல்லாம் செய்தியாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் டூட்டிக்கு சைக்கிளில் போகும்போது, அந்த இடத்தில் வானம் பெரிசாக இருந்தது. இறங்கிப் பார்த்தேன். மூன்று மரங்கள் இல்லை. அடிமரம் மட்டும், வெட்டுவாய் ஈரம் காயாமல். நான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்திருக்கின்றன.

நாலாவது மரத்தடியில் பச்சையம்மாள் கூழ்ப் பானையோடு உட்கார்ந்திருந்தாள். முன்னே நாற்று நட்டவள். வயலெல்லாம் தொழிற்சாலை ஷெட் ஆனபிறகு ஷிப்டு ஆட்களுக்குக் கூழ் விற்கிறாள். நிழல் இல்லாவிட்டால் கடை இல்லை. எனக்குத் தாங்கவில்லை. ரெஜிஸ்டர், கட்டம், வௌவால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுவாள், சாபம் விடுவாள் என்று நினைத்தேன். அகப்பையைப் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். “எய்துன கை உன்னுதுதானே நைனா? அத்த அட்ச்சிட்டு வேற எய்து. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து கூயு குடிக்க இந்தப் பக்கம் வராதே!”

லைன் கிளியர்

அன்று ராத்திரி முழுக்க எஞ்சினியருக்குக் கடிதம் எழுதினேன். ‘மூன்று வருஷமாக நான் மரம் என்று எழுதியதில் பெரும்பாலானவை பொய்’ என்று முதல் வரி. பிறகு கம்பம் கம்பமாக, எந்த ஜாயிண்ட் தளர்ந்தது, எந்தப் பீங்கானில் விரிசல் விட்டது, நினைவில் இருந்த அத்தனையும். கன்னியப்பன் எட்டிப் பார்த்து, “பகல் டூட்டி பூடும் மாமே” என்றான். “போகட்டும்” என்றேன்.

மரம் வெட்டுகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வந்தார்கள். கம்பியோரம் மரம் வெட்ட வேண்டுமானால், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று டூட்டியில் இருப்பவன் கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். லைன் கிளியர் என்போம். ஏழு மணிவரை அந்தக் கை என்னுடையது. தர மாட்டேன் என்றேன். கான்டிராக்டரின் மேஸ்திரி குதித்தான்: “நீ யார்யா? நீ இன்னா பெரிய கலெக்டரா?” “பொய் எழுதினவன்” என்றேன். “இன்னொரு பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.” கன்னியப்பன் வாசலில் ஏணியைக் குறுக்கே சாய்த்து, அதன்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்து, சீட்டு வேண்டாம், ஏறுங்கடா என்றான். ஒருத்தன்கூட அசையவில்லை. அவர்களில் மூத்தவன் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். “சீட்டு இல்லாத கம்பிக்குப் பக்கத்துல நா ஏற மாட்டேன் அண்ணாத்தே. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது. அது கெடக்கட்டும், கூயு எங்க விக்கிறாங்கோ?”

சிவப்புப் பென்சில்

ஏழு அடிக்குமுன் எஞ்சினியர் வந்துவிட்டார். என் கடிதத்தை நின்றபடியே படித்தார். காது சிவந்தது. “இதுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?” என்றார். “தெரியும் சார். ஆனா அதுக்கு முன்னாடி வந்து கம்பத்தைப் பாருங்க” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவரும் சளைத்தவர் இல்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, டெரிலின் சட்டையோடு தாமே ஏணியில் ஏறினார். முதல் கம்பத்தில் ஜாயிண்டைத் தொட்டதும் அது கரித்தூளாக உதிர்ந்தது. இரண்டாவதில் பீங்கான் கையோடு வந்தது. ஐந்தாவது கம்பத்தில், புளியங்கிளை ஒன்று கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பதைக் காட்டினார். “இது என்னய்யா?” “அது நிஜம் சார். அதுக்கு அந்தக் கிளையை வெட்டினாப் போதும். அடிமரம் எதுக்கு?” எட்டு கம்பம் ஏறி இறங்கும்போது சட்டை முழுக்கக் கரி. கீழே குவார்ட்டர்ஸ் கூட்டம் நின்றது. திருநெல்வேலி அம்மாவும் நின்றார்.

ஆபீசுக்கு வந்து, சிவப்புப் பென்சிலால் மிச்சமிருந்த எட்டு மரத்தின் நம்பரையும் அடித்தார். அதே பென்சிலால் இன்னொரு பட்டியலை இழுத்து என் பெயரையும் அடித்தார். “மரத்தை விட்டுட்டேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “உங்களை விட முடியாது. பொய் எழுதினது எழுதினதுதான்.”

நியாயம்தான் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். பிறகு வந்த மெமோவுக்குப் பதில் எழுதும்போதுகூட மன்னிப்பைப் பொய்க்குத்தான் கேட்டேன், சீட்டுத் தராததற்குக் கேட்கவில்லை. புது ஜாயிண்டுகள் போட்டார்கள். பகல் டூட்டி கன்னியப்பனுக்குக் கிடைத்தது. இப்போது ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று என்னிடமே வந்து புலம்புகிறான்.

மூன்று மரத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொன்று, எட்டு மரத்தைக் கையெழுத்துப் போடாமல் காப்பாற்றியவனுக்கு என்ன பெயர் என்று எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் இல்லை; இந்த ராத்திரிக்கு இன்னும் நாலு பியூஸ் கட்டைக்குக் கம்பி சுற்ற வேண்டியிருக்கிறது, சுற்றிக்கொண்டிருக்கிறேன்.