சாம்பிராணி போட்ட அன்னிக்கு வந்த ரீடிங்

இன்ஜின் டெஸ்ட் பண்றவன்கிட்ட ரகசியமே பேச முடியாது, எதையும் கத்தித்தான் சொல்லணும். சத்தத்துலயும் புகையிலயும் சோறு தின்கிற சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் சிதம்பரத்துல ஒரு காலேஜ் லேப்ல டெக்னீஷியன். வினோதினின்னு கடலூர்ப் பொண்ணு அங்க பி.எச்டி. பண்ணிச்சு. சி.என்.ஜி.யில கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து ஓட்டினா இன்ஜினோட இழுவை எப்படி, புகை எப்படின்னு பாக்குற வேலை. கையில வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. ஆனா ஒரு திங்கக்கிழமை புரொபசருங்க முன்னாடி ரிவ்யூ, அதுல தேறலைன்னா அந்த வேலை போச்சு.

ஓடுறதுக்கும் ஒரு முறை

ஒரு நாள் ஹைட்ரஜனைக் கூட்டினதும், இன்ஜின் காத்து இழுக்கிற பக்கம் டமார்னு வெடிச்சுது. நானும் மெக்கானிக் ராஜேந்திரனும் வாசல்ல நிக்கிறோம். எப்ப வந்தோம்னு எங்களுக்கே தெரியல. திரும்பிப் பாத்தா, அந்தப் பொண்ணு நிதானமா கேஸ் வால்வை மூடிட்டு வருது. யப்பா, என்ன நெஞ்சழுத்தம்! சொல்லிச்சு:

"ஓடுங்கண்ணே, வேணாங்கல. வால்வை மூடிட்டு ஓடுங்க."

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைன்னா ராஜேந்திரன் இன்ஜினுக்குச் சாம்பிராணி காட்டாம விடமாட்டான். ரிவ்யூவுக்கு முந்தின வெள்ளியும் அப்படித்தான். புகை அளக்குற மெஷினுக்கு முதல்ல லேப்ல இருக்கிற காத்தைக் காட்டி, 'இதுதான் சுத்தம்'னு சீரோ வைப்போம். அன்னிக்கு இன்ஜின் புகைக்கு ரீடிங் வந்துது பாருங்க, விஷ வாயு கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட இல்லவே இல்ல! நான் ஸ்வீட் வாங்கவே கிளம்பிட்டேன்.

அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. மெஷினோட குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச்சு. ரீடிங் சீரோவுக்கும் கீழே போச்சு. சாம்பிராணிப் புகையைத்தான் மெஷின் சுத்தமான காத்துன்னு நம்பி, அதைக் கழிச்சுட்டு ரீடிங் காட்டியிருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு, முதல்லேருந்து ஆரம்பிச்சுது. ராஜேந்திரன் தலையில கை வெச்சுக்கிட்டான்:

"சாமிக்குப் போட்ட புகையைக்கூடக் கணக்குல சேக்குதே, மச்சான்!"

திங்கக்கிழமை

உண்மையான ரீடிங் அவ்வளவு அழகா இல்ல. கார்பன் மோனாக்சைடு குறைஞ்சுது, இழுவை நல்லாருந்துது. ஆனா சூடு ஜாஸ்தியாகி நைட்ரஜன் ஆக்சைடுங்கிற இன்னொரு கெட்ட வாயு ஏறிடுச்சு. ஸ்பார்க் விழுற நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சதுல ஓரளவு இறங்கிச்சு, முழுசா இல்ல. "நல்லதை மட்டும் காட்டும்மா, வேலை போயிடும்"னு கெஞ்சினேன். கேக்கல, ரெண்டையும் போர்டுல போட்டுச்சு. வெளியூர்லேருந்து வந்த புரொபசர் ரெண்டு கிராஃபையும் மாத்தி மாத்திப் பாத்தார். அப்புறம் சொன்னார்:

"ஏறினதையும் காட்டியிருக்கீங்க. அதனால இறங்கினதை நம்புறேன்."

அந்தப் பொண்ணு வேலையில சேந்தாச்சு, ராஜேந்திரன் டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சப்புறம்தான் இப்ப சாம்பிராணி போடுறான், எனக்கு மட்டும் டமார்னு கேட்டா இன்னமும் கைக்கு முன்னாடி கால்தான் கிளம்புது.