தை மாதத் தலைவலிகள்

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். டோக்கன் கொடுப்பது, மர அலமாரியில் குடும்பவாரியாக அடுக்கியிருக்கும் அட்டைகளில் வந்தவருடையதை எடுத்து உள்ளே அனுப்புவது, திரும்பி வந்ததும் அதே இடத்தில் செருகுவது. இவ்வளவுதான் வேலை. அடுத்தவர் சமாசாரம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்டவளிடம் பேட்டையின் மொத்த உடம்பையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? முதல் மாதமே எல்லா அட்டைகளையும் படித்து முடித்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு அது தெரிந்துபோயிற்று. "படிச்சதை இங்கயே வச்சிட்டு வீட்டுக்குப் போ. ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா மறுநாள் வராதே" என்றார். சொன்னால் செய்கிறவர். வாயை மூடிக்கொண்டேன். அது எத்தனை கஷ்டம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் தலைவலிக்காரர்கள். ஜாதகம் பொருந்திய பிறகு, பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பையன் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பெண்ணின் டாக்டரைத் தேடி வருவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். விஷயத்தை நேராகக் கேட்க மாட்டார்கள். தலைவலி என்று டோக்கன் வாங்கி, நாடி பார்க்கக் கையைக் கொடுத்து, நாக்கை நீட்டி, எழுந்திருக்கும்போது பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு, இந்தத் தெருவில் இன்னார் மகள் உங்களிடம்தான் வருகிறாளாமே என்று ஆரம்பிப்பார்கள். ஆடி மாதத்தில் இவர்களில் ஒருவருக்கும் தலை வலித்ததில்லை. தை மாதம் வந்துவிட்டால் பெஞ்சில் இடம் இருக்காது.

டாக்டரம்மாவிடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "என்கிட்ட வர்றவங்களைப் பத்தி நான் வெளிய பேசறதில்ல. பொண்ணையே கேளுங்க." உள் அறைக்கு இடுப்புயர அரைக் கதவு. வெளியே என் மேஜையிலிருந்து எல்லாம் கேட்கும். வந்த வேலை நடக்காமல் திரும்புகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒரு கொண்டாட்டமாகவே இருந்தது.

ஒரு தை மாதத்தில் வேப்பம்பட்டிலிருந்து ஒரு அத்தை தலைவலியோடு வந்தார். அவர் விசாரிக்க வந்தது என்னைப் பற்றி.

எனக்கு இருபத்துநான்கு வயது. இரண்டு இடம் தட்டிப்போய், அம்மா கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த சமயம். என் அட்டையில் ஒன்பது வயதில் வந்த டைபாய்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. "ஒன்றுமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மாதமே நிச்சயதார்த்தம். டாக்டரம்மா அதே பதிலைச் சொன்னார். "அப்போ என்னாவோ கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை படியிறங்கினார். ஒரு வாரத்தில் என் ஜாதகம் திரும்பி வந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேராக உள்ளே போய், ஒன்றுமே இல்லாதவளுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அழுதும் விட்டேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"வெளியேதானே உக்காந்திருந்தே. உள்ள வந்து, சொல்லுங்க டாக்டர்னு நீ சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன். உன் உடம்பு. நீ சொல்லாம நான் எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளை வீட்டார் எதிரில் பெண் போய் நிற்கக் கூடாது என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். இனிமேல் அந்தத் தப்பைச் செய்வதில்லை, யார் வந்தாலும் உள்ளே போய்ச் சொல்லச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அட்டைகளை அடுக்க உட்கார்ந்தேன்.

மூன்றாவது தட்டில் ஓர் அட்டை இருந்தது. என் வயதுப் பெண். தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் எந்தத் தொந்தரவும் இல்லாத கோளாறு. ஆனால் பேரைச் சொன்னால் எந்த வீட்டிலும் பெண் எடுக்க மாட்டார்கள். அந்த அட்டையைச் செருகும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால் அது நாலு வீட்டுக்குப் பரவும். அதன்பிறகு இவளுக்காக வருகிறவர்களிடம் அவர் சொல்லாமல் இருந்தாலே போதும், விஷயம் வெளியே வந்துவிடும். ஒன்றுமில்லாத நாங்கள் அத்தனை பேரும் வாங்கிய அதே பதிலுக்குப் பின்னால்தான் அவள் மறைந்து நின்றுகொண்டிருந்தாள். அட்டையை அதன் இடத்தில் செருகினேன். கோபம் தீரவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அடுத்த தையில் இன்னொரு இடம் வந்தது. பையனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. விசாரிக்கப் பையனே வந்துவிட்டார். போட்டோ வீட்டுக்கு வந்திருந்ததால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதுகுவலி என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். முதுகுவலி எங்களுக்குப் புதுசு.

உள்ளே கேள்வி வந்தது, வழக்கமான பதிலும் வந்தது. பதில் சொல்லிவிட்டு டாக்டரம்மா தலையைத் தூக்கி, அரைக் கதவுக்கு மேலாக என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நான் தலையை ஆட்டினால் போதும். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று காலையில்தான் அந்த மூன்றாவது தட்டுப் பெண் வந்து மாத்திரைச் சீட்டு வாங்கிப் போயிருந்தாள். வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். இந்த இடமும் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் வெளியே வந்தார். வாசலுக்குப் போகாமல் என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"டாக்டரம்மா உங்களையே கேக்கச் சொல்லிட்டாங்க. ஒடம்புக்கு ஏதாச்சும் கீதாங்க?"

ஊருக்கே கேட்கும் குரல். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டைபாய்டைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார். இரண்டாம் தடவை சொன்னேன். பிறகு எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்கு?"

அந்த நான்கு வருடத்தில் மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றி விசாரிக்க ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"லெப்ட் காது கேக்காதுங்க. பிரஸ் சத்தம். சொல்லிடாதேன்னு ஊட்ல சொல்லி அனுப்பிச்சாங்க."

அந்தத் தை முடிவதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர் காதைப் பற்றி இங்கே எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன், எழுதிக்கொள் என்றார். சம்மதித்ததற்குக் கூலியாக, அந்த மூன்றாவது தட்டுப் பெண் யார், நமக்குத் தெரிந்தவளா, அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று ஆரம்பித்தார். இத்தனை வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போதெல்லாம் நான் எழுந்துபோய் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.