மறிகள் கூடிய காடு

எங்கள் முதலாளிக்கு ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்டரி இருந்தது. வடக்கே இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடினால் சொந்தமாக ஒரு காடும் இருந்தது. பக்டரியில் மனிதரை எண்ணுவார், காட்டில் மானை எண்ணுவார். இரண்டிலும் கணக்கு ஒத்துவராவிட்டால் மனிசனுக்கு நித்திரை வராது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஒரு செப்ரெம்பர், லைனில் நின்று வாளி மூடி பொறுக்கிக்கொண்டிருந்த என்னையும் அண்ணையையும் அவர் தன் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது அந்த மான்களை எண்ணத்தான். சனி, ஞாயிறு வேலை. வெள்ளைக்காரன் மான் எண்ணுவதற்குச் சம்பளம் கொடுக்கிறான் என்று எங்கள் அப்பார்ட்மென்ரில் ஒரு கிழமை விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. டோர்செட் பார்க்கில் இரண்டு அறைக்குள் நாங்கள் ஆறு ஆண்கள் இருந்தோம். அதில் வயதில் மூத்தவரும் குடும்பக்காரரும் அவர் ஒருவர்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மூத்தவள் மகள், பதினேழு வயது. மகனுக்குப் பதினாலு. அவருக்கு ஆங்கிலம் ஓடாது, எனக்குக் கொஞ்சம் ஓடும். அதனால்தான் முதலாளி என்னையும் சேர்த்து ஏற்றினார்.

முதல் நாளே முதலாளி எங்களை ஒரு மரத்தடியில் நிறுத்தி விளக்கம் சொன்னார். காட்டில் பெண் மான் கூடிவிட்டது. ஆணுக்குக் கொம்பு முளைத்த கையோடு யாராவது சுட்டுவிடுகிறான். கொம்பைச் சுவரில் மாட்ட எல்லோருக்கும் ஆசை. மிஞ்சுகிற ஒன்றிரண்டு ஆண்கள் அத்தனை பெண்களுக்கும் பின்னால் ஓடி இளைத்து, பனி கொட்டுகிற நேரம் விழுந்துவிடும். பிந்திப் பிறக்கிற குட்டிகள் தேறுவதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். ஆகவே இந்த வருடம் அவருடைய காணியில் இளம் ஆணை ஒருவரும் தொடக்கூடாது. பெண்ணைத்தான் குறைக்க வேண்டும். நவம்பரில் அவரும் கூட்டாளிமாரும் வந்து சுடுவார்கள், அதற்கு அனுமதி எடுத்தாயிற்று. எத்தனையைக் குறைப்பது என்று முடிவெடுக்க, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று நாங்கள் இருந்து பார்க்க வேண்டும்.

ஊரில் ஆட்டுக்குச் சொல்வதுபோல் ஆணைக் கிடாய், பெண்ணை மறி என்றே நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

"மறி கூடிப்போச்சாம் அண்ணை. கிடாய்க்குட்டியளைக் காப்பாத்த வேணுமாம்."

"எங்கடை கதையையல்லோ உவன் சொல்லுறான்" என்று அண்ணை சிரித்தார். "எங்கடை அப்பார்ட்மென்ரிலை ஒரே கிடாய். அங்கை ஊரிலை தெரு ஒழுங்கை முழுக்க மறி. உதை ஆர் வந்து சமன்படுத்துறது?"

என்ன சிரிப்பு என்று முதலாளி கேட்டார். மான் அழகு என்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

எனக்கென்றால் மான் பார்க்க ஏறியிருக்கிற அந்தப் பரண் பெரிய ஆக்கினை. மரத்தில் கட்டிய பலகை, சாய முடியாது, இரும முடியாது, கால் விறைத்துப் போகும். அண்ணை அடுத்த பரணில் மத்தியானம் ஏறினால் பொழுதுபடும்வரை அசையமாட்டார். இப்படி இருக்க எங்கே பழகினார் என்று முதலாளிக்கு ஒரே ஆச்சரியம்.

"ஹெலி சுத்தேக்கை பதுங்கு குழியிலை பழகினது எண்டு சொல்லு" என்றார் அண்ணை. நான் சொல்லவில்லை.

அந்த மாதம் அவருடைய மண்டைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருந்து கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ற், இப்போதைக்கு ஒரு பிள்ளையைத்தான் கொண்டுவரலாம், மற்றதற்கு எப்போது வழி வரும் என்று தெரியாது என்றுவிட்டான். யாரை முதலில் எடுப்பது? சோற்றுக்கோப்பையோடு கூடியிருந்து நாங்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம், பெடியனை என்று. மீசை அரும்பினால் ஆமி பிடிக்கும், இல்லாவிட்டால் இயக்கம் கூப்பிடும். பெட்டைப்பிள்ளை தாயோடு வீட்டில் இருப்பாள். அந்தக் காலத்தில் பெட்டைகளும் துவக்கோடுதான் நின்றார்கள், படங்கள் எங்கள் தமிழ்க்கடைகளிலேயே தொங்கின. ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெட்டை போவாள் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்போது தொலைபேசி இல்லை. கொழும்பு வழியாக ஊருக்குப் போகிற ஒருவரிடம் அண்ணை வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார். அதை அடுத்த சனிக்கிழமை ட்ரக்கில் வைத்து என்னிடம் சொன்னபோது அவருடைய முகம் தெளிந்திருந்தது.

"பெடியனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வரட்டாம் எண்டு சொல்லிவிட்டனான். பிள்ளை பெரியம்மாவோடை நிக்கட்டும், அவளுக்கென்ன எண்டும் சொன்னனான்."

ஒக்ரோபரில் அண்ணையின் மனைவி மகனோடு கடல்நீரேரி கடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார். ஏஜென்றுக்காக அங்கே லொட்ஜில் காத்திருந்தபோது பின்னாலேயே செய்தி வந்தது. மகள் இயக்கத்துக்குப் போய்விட்டாள். மனைவி அங்கிருந்து அப்பார்ட்மென்ருக்குப் போன் அடித்தார். நான் அடுப்படியில் நின்றேன். அண்ணை போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு வந்து, தொட்டியில் கிடந்த எல்லோருடைய கோப்பைகளையும் கழுவினார். அன்று அவருடைய முறைகூட இல்லை.

அந்தக் கிழமையும் காட்டுக்கு வந்தார். முதலாளி பாட்டுக் கேட்டுக்கொண்டு ட்ரக்கை ஓட்ட, அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"சொல்லிவிட்ட ஆள் முத்தத்திலை நிண்டு எல்லாத்தையும் சொன்னவராம். அவளும் கதவடியிலை நிண்டு கேட்டவளாம். அவளுக்கென்ன எண்டதையும் சேத்துச் சொல்லிப்போட்டான், விசரன். மனுசி போனிலை அழேல்லை, தம்பி. உங்கடை வாயாலை போனவள் எண்டவ."

"வந்திடுவாள் அண்ணை" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

அதற்குப் பிறகு அண்ணை கண்ட மறிகள் குறைந்துகொண்டே போயின. கிடாய்களைச் சரியாகச் சொல்வார். மறி? "காணேல்லை எண்டு சொல்லு." என் பரணுக்கு முன்னால் மூன்று நாலாகச் சேர்ந்து அவர் பக்கம் நடந்து போனவற்றை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். போன மாதம் இருந்த பெண்மான்கள் எங்கே போயின என்று முதலாளி தலையைச் சொறிந்தார். நான் மொழிபெயர்க்கிறவன்தானே, காணவில்லையாம் என்றேன்.

ஒரு பின்னேரம் இறங்கி வரும்போது அண்ணை என் கையைப் பிடித்தார்.

"ஒண்டு வாறது, தம்பி. தனிய. எனக்குக் கீழை வந்து நிண்டு நிமிந்து பாக்குது. மற்றதுகள் மனிசன்ரை மணத்துக்கு ஓடும். உது ஓடுதில்லை. நான் இறங்குமட்டும் நிக்குது."

அடுத்த நாள் அவர் வருமுன் நான் அந்த மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். முதல்நாள் காலையில் பெய்த மழையில் மண் சேறாகிக் கிடந்தது. எங்கள் சப்பாத்து அடிகள் அப்படியே இருந்தன. குளம்படி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு பரணில் தனியே இருக்க எனக்குப் பயம், வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் கணக்கை நம்பி அந்த வருடம் குறைவாகத்தான் சுட்டார்கள். ஆனாலும் சுட்டார்கள். நவம்பரில் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நானும் அண்ணையும் சுட்ட மானை இழுக்கப் போனோம். முதலாளி சுட்ட மறி ஓடைக் கரையில் கிடந்தது. அவர் குனிந்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, இளசு, இன்னும் இரண்டு வயது ஆகவில்லை, இது போனால் காட்டுக்கு நட்டமில்லை என்றார். அண்ணைக்கு நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் பல்லைப் பார்ப்பது எதற்கென்று அவருக்கு ஏற்கனவே தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்து அதன் கண்ணை மூடினார். அது திறந்துகொண்டது. திரும்பவும் மூடினார். மூட மூடத் திறந்தது.

"மானின் கண் மூடாது, அப்படித்தான்" என்றார் முதலாளி. சாதாரணமாகத்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"இருட்டப்போகுதாம், இழுக்கட்டாம்" என்றேன்.

எனக்கொரு தொடை தந்தார்கள். அப்பார்ட்மென்ரில் மிளகு போட்டுப் பிரட்டல் வைத்தோம், மணம் பிடித்து மேல்மாடிக்காரரும் கோப்பையோடு வந்துவிட்டார்கள். மான் இறைச்சி தின்று எத்தனை வருடம் என்று சந்தோசத்தில் ஒரே புளுகம். அண்ணை பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு குளிருக்குள் நின்றார். எனக்கும் இறங்கவில்லை, ஆனால் தின்றேன்.

இப்போது நான் மோர்னிங்சைட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு, விடியப்புறத்தில் மான்கள் மேலேறி வந்து மனைவியின் பூக்கண்டுகளைக் கடிக்கும். அவள் படம் எடுப்பாள். நான் முதலில் தலையைப் பார்க்கிறேன், கொம்பு இருக்கிறதா இல்லையா என்று. கொம்பில்லாத ஒன்று தனியே நின்று நிமிர்ந்து பார்த்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மான் சுட்ட அந்த வருடமே டிசெம்பரில் அண்ணையின் மகன் வந்து இறங்கினான். எயார்போட்டுக்கு அண்ணையோடு நான்தான் போனேன். உள்ளே விசாரித்து முடித்து அவனை வெளியில் விட நெடுநேரமானது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அண்ணை எழும்பி, பிறகு இருந்தார். கடைசியில் வந்தவன் யாரோ கொடுத்த பெரிய ஜக்கெற்றுக்குள் இருந்தான். மேலுதட்டில் மெல்லிய கறுப்பு விழத் தொடங்கியிருந்தது. ஐந்து வருடமாகத் தகப்பனைக் காணாத பிள்ளை, கட்டிப்பிடிக்க இருவருக்கும் தெரியவில்லை. அண்ணை அவன் தலையைத் தடவி, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவன் ஓம் என்றான். பிறகு பாடம் ஒப்புவிப்பதுபோல் நிமிர்ந்து நின்றான்.

"அப்பா, தம்பியை முதல் அனுப்புங்கோ, நான் நிக்கிறன் எண்டு அக்காதான் சொன்னவ. உங்களிலை அவவுக்கு ஒரு கோவமும் இல்லை."

அண்ணையின் முகம் அப்படியே மலர்ந்தது. அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு முன்னாலையோ சொன்னவ?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு தகப்பனைப் பார்த்தான்.

"இல்லை அப்பா. உங்களுக்கு அப்பிடிச் சொல்லச் சொல்லி அம்மா சொல்லிவிட்டவ."